இரண்டாவது விடை

ரங்கூனில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். ஆனால் அந்த வண்டிகள் பெரும்பாலும் ஜப்பானில் இடப்பக்கம் ஓடிக் களைத்த பிறகு கப்பலில் வந்தவை. பேருந்துகளும் அப்படித்தான். ஓட்டுநரின் இருக்கை வலப்புறம், பயணிகள் ஏறும் கதவு இடப்புறம். கதவு நடைபாதையைப் பார்க்காமல் நடுச்சாலையைப் பார்த்துத் திறக்கும். இறங்குகிறவர் முதலில் பார்ப்பது பின்னால் முந்திக்கொண்டு வரும் லாரியை. எங்கள் ஊரில் இதை யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை.

என் முதலாளியிடம் நான்கு பேருந்துகள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் நடைபாதைப் பக்கம் கதவு உண்டு. அதை வெட்டியது முதலாளி அல்ல, அந்த வண்டியை ஓட்டியவர். நகரத்தின் வடமேற்கே இன்சீனில் குடியிருந்ததால் அவரை இன்சீன்காரர் என்போம். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த ஒரு தெரிந்தவரைப் பிடித்து, தன் இருக்கைக்குப் பின்னால் தகட்டை அறுத்துக் கதவு வைத்து, அதற்குக் கீழே தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் படி ஒன்றும் பற்றவைத்திருந்தார். அந்தப் படி அவருடைய மகளுக்காக. குழந்தையில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் அவளுக்கு ஒரு கால் சூம்பிப்போயிருந்தது.

இன்சீன்காரரும் நானும் ஒரே கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவத் தமிழர்கள். அவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். நான் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவன். எண்பத்தெட்டின் மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகு பல்கலைக்கழகம் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. திறந்திருந்த மாதங்களிலும் சம்பளம் அரிசியோடு தீர்ந்துபோனது. தொண்ணூறுகளின் நடுவில் வேலையை விட்டுவிட்டு ரங்கூனின் கடைத்தெருப் பகுதியான லத்தாவில் ஒரு துணி மொத்த வியாபாரியிடம் சேர்ந்தேன். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து அவருடைய தாத்தா காலத்தில் வந்த முஸ்லிம் குடும்பம். துணியோடு இன்னொரு தொழிலையும் அவர் எடுத்திருந்தார். வடக்கு ஒக்கலாப்பாவுக்கு அப்பால் இருந்த ஒரு தையல் தொழிற்சாலைக்குக் காலையில் பெண்களை ஏற்றிப்போய் மாலையில் வீடு சேர்க்கும் ஒப்பந்தம். அப்படி ஓடும் வண்டியை நாங்கள் ஃபெர்ரி என்போம்.

ஃபெர்ரி வண்டிக்குக் கொட்டகை கிடையாது. இரவில் அது ஓட்டுநரின் வீட்டு வாசலில் நிற்கும், விடிந்ததும் அங்கிருந்தே கிளம்பும். ஆகவே ஓட்டுநர் எங்கே குடியிருக்கிறார் என்பதுதான் வண்டியின் பாதையைத் தீர்மானிக்கும். நான்கு ஓட்டுநர்களில் ஒருவர் இன்சீனில். இன்னொருவன் என் மனைவியின் தம்பி. அவன் தின்கன்ஜூனில் எங்கள் வீட்டிலேயே, பின்கட்டில் இருந்தான். அவனுடைய பேருந்து எங்கள் வேலியோரம் நிற்கும். மற்ற இருவரும் நகரத்தின் தெற்கே. அவர்கள் இந்தக் கதைக்குள் வரமாட்டார்கள்.

டீசல் அப்போது ரேஷன். வண்டிக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. அதற்கு மேல் வேண்டுமானால் தெருவோரத்தில் பாட்டிலில் வைத்து விற்பதைக் கண்மூடிக்கொண்டு வாங்க வேண்டும். ஒரு நாள் முதலாளி தேநீரைச் சாசரில் ஊற்றி உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

“வாத்தியாரே, நாலு வண்டியும் பாதி காலியாத்தானே போவுது. மூணுல முடியாதா? படிச்ச மூளைய வச்சு ஒரு கணக்குப் போடுங்களேன்.”

“முடியும்னா ஒரு டிரைவர் வீட்டுக்குப் போகணும், முதலாளி.”

“அத நான் சொன்னா எனக்குப் பாவம். கணக்கு சொன்னா யாருக்குப் பாவம்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றும் எனக்குக் கசக்கிறது.

எந்த வண்டி எங்கெங்கே நின்று யாரை ஏற்றினால் மொத்த ஓட்டம் குறையும் என்பது கணிதத்தில் ஒரு தனிப் பாடம். புத்தகத்தில் மிக அழகாக இருக்கும். புள்ளிகள், புள்ளிகளை இணைக்கும் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் மேலும் ஓர் எண். அதை நான் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன், உண்மையான வண்டி எதற்கும் போட்டுப் பார்த்ததில்லை. அதனால் எனக்கு உற்சாகமாகவே இருந்தது. ஒவ்வொரு பேருந்திலும் ஏறி உட்கார்ந்து தூரமும் நேரமும் குறித்தேன்.

இன்சீன் வண்டியில் ஏறியபோது முன்னிருக்கையில் அவருடைய மகள் பர்மியப் பள்ளிச் சீருடையில், பச்சை லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாக உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாவது படித்தாள். பள்ளி, போகும் வழியில், தொழிற்சாலைக்குச் சற்று முன்னால். வகுப்பு காலை ஷிப்ட், மத்தியானத்தில் முடியும். அப்பா அவளை இறக்கிவிட்டு, தொழிற்சாலையில் பெண்களை இறக்கி, மத்தியானம் வரை அங்கே காத்திருந்து, வண்டியை வெறுமையாக வீட்டுக்குத் திருப்பும்போது அவளையும் கூட்டிவருவார்.

“வாங்க சயா,” என்றார் இன்சீன்காரர். பர்மாவில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்போம். வேலையை விட்ட பிறகும் அவர் என்னை விடாமல் அப்படியே கூப்பிட்டார். “வண்டிய மட்டும் அளங்க. என்னை அளந்துடாதீங்க, தொப்பை கொஞ்சம் கூடிப்போச்சு.”

அந்தப் பெண் என் கையிலிருந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தாள்.

“மாமா, எங்க ஸ்கூலு இதுல எந்தப் புள்ளி?”

“அது இல்லம்மா. தொழிற்சாலை ஆளுங்க ஏறுற எடம் மட்டும்தான்.”

“அப்ப நான்?”

“நீ டிக்கெட் வாங்காத சரக்கு,” என்று அவளுடைய அப்பா ஹாரனை அடித்துச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார். “சயா, இவளால டிரெயின் படி ஏற முடியாது. லைன் பஸ்ஸுல மனுசன் தொங்கிக்கிட்டுப் போறான், அதுலயும் முடியாது. இந்த வண்டி இருக்குற வரைக்கும் இவ படிப்பு. அடுத்த வருசம் பத்தாவது. அதப் பாஸ் பண்ணிட்டான்னா உக்காந்து பாக்குற வேலை எதாச்சும் கெடைச்சுடும். அப்புறம் வண்டி இருந்தா என்ன, ஆத்துல போனா என்ன.”

பர்மாவில் பத்தாவது பரீட்சைதான் எல்லாம். அதைத் தாண்டியவனுக்கு ஒரு வாழ்க்கை, தாண்டாதவனுக்கு வேறொன்று. இது எனக்குத் தெரியாததல்ல. கேட்டுக்கொண்டேன். அடுத்த நிறுத்தத்தின் நேரத்தைக் குறித்தேன்.

லத்தா அலுவலகத்தின் மாடியில் பழைய கரும்பலகை ஒன்றை வாங்கி மாட்டியிருந்தேன். பலகை இல்லாமல் எனக்கு யோசனை ஓடாது. முதல் வரியாக, வகுப்பில் எப்போதும் எழுதுவதுபோல, ‘வண்டிகள் யாவும் ஒரே தன்மையன எனக் கொள்க’ என்று எழுதினேன். பிறகு கணக்கைத் தொடங்கினேன்.

மூன்று வண்டிகள் போதும் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. தெற்கு வண்டிகள் இரண்டையும் தொட வேண்டியதில்லை. இன்சீன் வண்டி, தின்கன்ஜூன் வண்டி என்ற இரண்டில் ஒன்று போதும். எது என்பதுதான் மிச்சம். நகரத்தின் வடமேற்கே இன்சீன், கிழக்கே தின்கன்ஜூன், இரண்டுக்கும் மேலே தொழிற்சாலை. ஒரு முக்கோணம். இன்சீனில் கிளம்பி, தின்கன்ஜூன் பெண்களை ஏற்றித் தொழிற்சாலைக்குப் போகலாம். தின்கன்ஜூனில் கிளம்பி, இன்சீன் பெண்களை ஏற்றியும் போகலாம். பலகையின் இடது பாதியில் தின்கன்ஜூனில் கிளம்புவது, வலது பாதியில் இன்சீனில் கிளம்புவது என்று போட்டு முடித்தேன். தூரத்தைக் கூட்டினேன். நேரத்தைக் கூட்டினேன். மறுபடி கூட்டினேன். இரண்டும் ஒன்றாகவே வந்தன.

கணிதத்தில் இது ஒன்றும் அதிசயமல்ல. மிகச் சிறந்த விடை ஒன்றுக்கு மேல் இருக்கலாம். அப்போது கணக்கு தன் பேச்சை முடித்துக்கொள்கிறது. எதை எடுப்பது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. எடுக்கிறவன்தான் எடுக்கிறான். இதையும் நான் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் என் மனைவி விஷயத்தை எப்படியோ தெரிந்துகொண்டிருந்தாள். தட்டில் சோற்றைப் போட்டபடி கேட்டாள்.

“ஒரு வண்டிய நிறுத்தப் போறீங்களாமே?”

“கணக்கு அப்படித்தான் வருது.”

“யாரு வண்டிய?”

“இன்னும் முடிவாகல.”

“ஊருக்கெல்லாம் கணக்குப் போடுறீங்க. வீட்டுக் கணக்கு தெரியுமா? என் தம்பி வேலை போச்சுன்னா அவன் இந்தப் பின்கட்டுலதான் நாள் முழுக்கக் கெடப்பான். நீங்களே மூணு வேளையும் அவன் மொகத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருங்க.”

அவள் மேல் பழி போட எனக்கு உரிமையில்லை. தம்பிக்காகக் கேட்டாள். எந்த அக்காளும் கேட்பாள். மறுநாள் காலை முதலாளி மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டதும் ஈரத்துணியை எடுத்துப் பலகையின் வலது பாதியைத் துடைத்தவன் நான்தான்.

முதலாளி வந்து, மிச்சமிருந்த இடது பாதியைப் பார்த்தார். கணக்கு புரியாவிட்டாலும், தொடக்கப் புள்ளி தின்கன்ஜூன் என்பதைப் பார்த்துத் தலையாட்டினார்.

“அப்ப இன்சீன் வண்டியா நிக்குது?”

“ஆமா.”

“நல்ல மனுசன் அவரு. வேற வழி எதுவும் இருக்கா வாத்தியாரே?”

அவர் கேட்டார். இதை நான் மறைக்கக் கூடாது. முதலாளி லாபக்காரர்தான், ஆனாலும் கேட்டார். பலகையின் வலது பாதி இன்னும் ஈரம் காயாமல் பளபளத்தது.

“இல்ல முதலாளி,” என்றேன்.

இன்சீன்காரரை வரச்சொல்லி அதே பலகையின் முன் நிறுத்தி விளக்கினேன். கோடுகளைத் தொட்டுத் தொட்டு, வகுப்பில் விளக்குவதைப் போலவே விளக்கினேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டார். முடிந்ததும் முதலாளியைப் பார்த்தார்.

“நீங்க சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன் முதலாளி. சயா கணக்குல வந்துச்சுன்னா என்ன செய்யுறது.” பிறகு கேட்டார். “மக பத்தாவது முடிக்குற வரைக்கும் தள்ளிப்போட ஏலாதா?”

“டீசல் தள்ளிப்போடுமா, சொல்லுங்க?” என்றார் முதலாளி. குரலில் கடுமை இல்லை.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த சுண்ணக்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

நிறுத்தப்பட்ட வண்டியை முதலாளி விற்பார் என்று நான் நினைத்திருந்தேன். விற்கவில்லை. ஓடாவிட்டாலும் பதிவில் இருக்கும் வண்டிக்கு ரேஷன் டீசல் வரும். துணிக் கிட்டங்கியின் பின்புறம் அதை நிறுத்திவிட்டு, அதன் பங்கு டீசலைத் தவறாமல் வாங்கித் தெருவோர விற்பனைக்கு அனுப்பினார். ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டி அவருக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது. இதை அவர் முதலிலிருந்தே யோசித்து வைத்திருக்க வேண்டும். நான்தான் மாதக்கணக்கில் தூரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கும் கொஞ்சம் மனசாட்சி இருந்தது. அந்த டீசலை விற்கும் வேலையை இன்சீன்காரருக்கே கொடுத்தார். இன்சீன் சந்தைக்குப் போகும் சாலையோரம் ஒரு பலகை போட்டு, பாட்டில்களை வரிசையாக அடுக்கி, ஒரு புனலோடு அவர் உட்கார்ந்தார். தன் சொந்த வண்டி குடித்திருக்க வேண்டிய எண்ணெயைத் தெருவில் வருகிற வண்டிகளுக்கு ஊற்றினார்.

என் மச்சினனின் பேருந்து இன்சீன் பெண்களை ஏற்றிப் போனது. இன்சீன்காரரின் மகளையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அவனுடைய வண்டியில் கதவு நடுச்சாலைப் பக்கம். படி, இடுப்புக்குச் சற்றுக் கீழே. சாலைக்குள் இறங்கி, வண்டியைச் சுற்றிப்போய், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்க, ஒரு காலை ஊன்றி மறுகாலை அவள் கையால் தூக்கி வைக்க வேண்டும். சில நாட்கள் ஏறினாள். ஒரு மழை நாளில் படியிலிருந்து சாலையில் விழுந்தாள். அடி பெரிதாக இல்லை.

“அத்தான், அவளத் தூக்கி ஏத்த நான் என்ன ஆயாவா?” என்றான் மச்சினன். “பின்னாடி நிக்குறவன் என் அம்மா அப்பாவெல்லாம் இழுத்துத் திட்டுறான். மத்தியானம் திரும்ப நான் இன்சீன் பக்கமே வர்றதில்ல. அவ எப்படி வீட்டுக்குப் போவா?”

அவன் சொன்னது உண்மை. என் கணக்கில் வண்டி மத்தியானம் இன்சீனுக்குத் திரும்பாது. திரும்பினால் அது வீண் ஓட்டம். வண்டிகள் யாவும் ஒரே தன்மையன என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். எந்தப் பக்கம் கதவு, எவ்வளவு உயரத்தில் படி என்பதெல்லாம் அதற்குள் இல்லை. கணக்கில் இல்லையே தவிர எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் படியில் நானே கால் வைத்து ஏறியிருக்கிறேன்.

ஒன்பதாவது முடியும் முன்பே அவள் பள்ளிக்குப் போவதை விட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு பலவீனம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். முடியவில்லை. அடுத்த பள்ளி ஆண்டு தொடங்குவதற்குள் என் மச்சினன் யாரோ ஒரு முகவரைப் பிடித்து மலேசியாவுக்குக் கிளம்பிவிட்டான். யாருக்காகப் பலகையைத் துடைத்தேனோ அவன் போய்விட்டான். வண்டி எங்கள் வேலியோரம் ஆளில்லாமல் நின்றது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“இப்ப யாரப் போடலாம் வாத்தியாரே? பழைய இன்சீன்காரரையே கூப்பிட்டுக்கலாமா? அவரு வண்டியக் கிளப்பிட்டு இந்த வண்டிய உள்ள நிறுத்திடலாம். கணக்கு இடிக்குமா?”

இடிக்காது. ஒரு விரற்கடைகூட இடிக்காது. அதே தூரம், அதே டீசல். அந்தப் பெண் மறுபடி ஒன்பதாவதில் சேர்ந்து பத்தாவதுக்குப் போயிருப்பாள். ஆனால் இடிக்காது என்று சொன்னால், அப்போது ஏன் வேறு வழியில்லை என்றீர் என்று அவர் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நான் சொன்னேன்.

“இடிக்கும் முதலாளி. தின்கன்ஜூன்ல குடியிருக்குற ஆளா பாத்துப் போடுங்க.”

முதல் முறை மனைவியின் முகம் இருந்தது. இரண்டாவது முறை யாருடைய முகமும் இல்லை. சயா என்ற சொல் மட்டும்தான் இருந்தது. அதைக் காப்பாற்றிக்கொண்டேன்.

பாதிரியாரிடம் ஒரு முறை இதைச் சொன்னேன். இளைஞர். கணக்கு, வண்டி, முக்கோணம் என்று நான் சொன்னது அவருக்குப் பிடிபடவில்லை. “உறவினருக்குச் சார்பாக நடந்தீர்களா?” என்று சுருக்கிக் கேட்டார். ஆமாம் என்றேன். சில ஜெபங்களைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஜெபம் எளிதாக இருந்தது. அதனாலேயே அது போதாது என்று தெரிந்தது.

இன்சீன்காரர் கோயிலுக்கு வந்தால் நான் பின்வரிசையில் உட்கார்ந்து முதலில் எழுந்து போய்விடுவேன். இப்படியே ஆண்டுகள் போயின. முதலாளி தொழிலை மகன்களிடம் விட்டார். பேருந்துகள் இரும்பு விலைக்குப் போயின. என் மனைவி இறந்தாள். அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் நகரத்தைச் சுற்றிவரும் வட்ட ரயிலேறி இன்சீனுக்குப் போனேன்.

பலகையும் பாட்டில்களும் அதே இடத்தில் இருந்தன. பாட்டில்களுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். நடுவயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அப்பா, தொப்பையெல்லாம் போய், முக்காலியில்.

“அட, சயா! வழி தவறி வந்துட்டீங்களா?” என்றார். “ஏம்மா, மாமாவுக்கு டீ சொல்லு.”

டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தொடங்கினேன். நின்றுகொண்டே சொன்னேன். பலகை, இரண்டு பாதி, ஈரத்துணி. பிறகு மச்சினன் போனதும் முதலாளி கேட்டதும் நான் சொன்னதும். எதையும் விடவில்லை. எதையும் அழகுபடுத்தவுமில்லை.

அவர் புனலைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“ரெண்டும் சமமா?”

“சமம்.”

“கொஞ்சங்கூட வித்தியாசம் இல்ல?”

“இல்ல.”

அவள்தான் அடுத்துப் பேசினாள். கோபமில்லாமல், வகுப்பில் விடை சொல்கிற பிள்ளையைப்போல.

“அப்ப சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கலாமே மாமா. கோயில் விருந்துல மிஞ்சுன கேக்குக்கே குலுக்குறாங்க.”

அவர் புனலைக் கீழே வைத்தார்.

“இத ஏன் இப்ப வந்து சொல்றீங்க?”

“சொல்லாம இருக்க முடியல.”

“உங்களுக்கு முடியல.” அவர் குரல் உயரவில்லை. “இத்தன வருசமா இவ எப்பக் கேட்டாலும் நான் ஒண்ணுதான் சொன்னேன். மழ பெஞ்சு கூரை ஒழுகுனா மழையவா திட்டுறோம்? கணக்கு அப்படி வந்துச்சும்மா, விடு. இவளும் விட்டுட்டா. நானும் விட்டுட்டேன். இப்ப மழை இருந்த எடத்துல ஒரு மனுசனக் கொண்டாந்து நிறுத்திட்டுப் போறீங்க. நாளைக்கு இவ கேட்டா நான் என்னத்தச் சொல்றது?”

டீ வந்தது. கொண்டுவந்தவன் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பலகையின் மூலையில் வைத்துவிட்டுப் போனான். மன்னிப்புக் கேட்க நான் ஒரு வாக்கியம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். ரயிலில் அதை மனத்துக்குள் பல முறை சொல்லிப் பார்த்திருந்தேன். அவருடைய கேள்விக்கு முன்னால் அது எனக்காக நான் செய்துகொண்ட வாக்கியமாகத் தெரிந்தது. சொல்லவில்லை.

“மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றாள் அவள். “பாட்டில் கண்ணுல படலன்னா வண்டிக்காரன் நிக்கமாட்டான்.”

தள்ளி நின்றேன். ஒரு பழைய ஜப்பான் வேன் வந்து ஒதுங்கியது. எண்ணெய்த் தொட்டியின் மூடி அதற்கும் இடப்பக்கம்தான், நடுச்சாலைப் பக்கம். அவள் ஒரு கையில் பாட்டிலும் மறுகையில் புனலுமாக எழுந்தாள். நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

“வேணாம்,” என்றார் அவர். நான் சொன்னதைக் கேட்ட பிறகு அவர் ஒரு முறைகூடச் சயா என்று சேர்க்கவில்லை.

அவள் வேனைச் சுற்றிக்கொண்டு, சூம்பிய காலை இழுத்தபடி சாலைக்குள் இறங்கினாள். அவர் அவளுக்கு முன்னால் போய் நின்று, வருகிற லாரிகளைப் பார்த்துக் கையை உயர்த்திப் பிடித்தார்.